அணுகுண்டு வெளிச்சம்: தோலைக் காக்க நினைத்துச் செய்யும் தவறுகள்

பிப்ரவரி 15 மாலை 6.20-க்கு சிங்கப்பூரின் முழுமைத் தற்காப்பு தினத்துக்காக எச்சரிக்கைச் சங்கு ஊதும்போது, நம்மில் எத்தனை பேர் கையிலிருக்கும் டீயைக் கீழே வைக்கிறோம்? நான் வைத்ததில்லை. அதனால் முதலில் எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

பெரிய தவறு, அணுகுண்டின் சூட்டை நெருப்பு என்று நினைப்பது. அது வெளிச்சம். குண்டின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பக்கதிராக, ஒளியின் வேகத்தில், நேர்கோட்டில் வரும். நிழல் விழும் இடத்தில் அது சுடாது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது; 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் மூடாத தோல் வெந்தது. ஒரு பெண் உடுத்தியிருந்த கிமோனோவின் கருநிறக் கோலம் அப்படியே அவர் முதுகில் பதிந்திருந்தது. கறுப்பு வெப்பத்தை வாங்கிக்கொண்டது, வெள்ளை தள்ளிவிட்டது. வெளிர் நிறத்தில் தொளதொளப்பான பருத்திச் சட்டை கொஞ்சமாவது காக்கும். ஓட்டத்துக்குப் போடும் கறுப்பு பாலியஸ்டர் ஜெர்சி உருகித் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். சன்ஸ்கிரீனா? அது இதற்கு ஆகாது.

அடுத்தது, ஜன்னலுக்கு ஓடுவது. பளிச்சென்றதும் ‘என்னது அது?’ என்று எட்டிப் பார்ப்பது மனித சுபாவம். வெளிச்சம் உடனே வந்துவிடும். அதிர்வலை பின்னால்தான் வரும். 5 கிலோமீட்டர், அதாவது மரினா பேயிலிருந்து கிட்டத்தட்ட தோ பாயோ வரை என்றால், 10 முதல் 15 நொடி. ஜன்னலில் முகத்தை வைத்திருப்பவர் மேல் கண்ணாடிச் சில்லு பாய்வது அப்போதுதான். பார்க்காதீர்கள். சுவருக்குப் பின்னால் குப்புறப் படுத்து, முகத்தையும் கைகளையும் மறையுங்கள். பெரிய குண்டின் வெப்பம் சில நொடிகள் நீடிக்கும் என்பதால், தாமதமாக மறைத்தாலும் பலனுண்டு.

முன்கூட்டியே எச்சரிக்கை வந்தால், புதிய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற பதுங்கு அறை இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குள் நுழைய இரண்டு பயணப்பெட்டி, ஒரு பழைய மின்விசிறி, தீபாவளி முறுக்கு டின் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும்!

சரி, தோல் வெந்துவிட்டது. இங்கேதான் சமையலறை வைத்தியம் தலைதூக்கும்: பற்பசை, நெய், சோயா சாஸ். எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம், அது தோலை மேலும் கெடுக்கும். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், சுற்றி வெட்டிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அப்புறம், சாப்பாட்டை மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றாமல் மேலே தளர்வாக விரித்து மூடிவிட்டு, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.