வேலை பார்த்துக்கொண்டே கரஸ்ஸில் கணிதமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெங்களூரில் ஐடி வேலையில் இருந்துகொண்டே கரஸ்ஸில், அதாவது தொலைதூரக் கல்வியில், கணிதம் சேருகிற நம்மவர்கள் நிறையப் பேர், முதல் வருடத்திலேயே கைவிடுகிறவர்களும் நிறையப் பேர். கேட்டால் நேரமில்லை, டிராபிக் என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் பெரும்பாலும் படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

முதல் தவறு, கணிதத்தை வாசிப்பது. மெட்ரோவில் உட்கார்ந்து, ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோ பார்த்தால் ஒவ்வொரு வரியும் புரிந்த மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, (0,1) இடைவெளியில் 1/x ஏன் சீரான தொடர்ச்சி (இடைவெளி முழுவதற்கும் ஒரே டெல்டா போதும் என்ற நிலை) உடையதல்ல என்று எழுதிப் பாருங்கள். எப்சிலான் (சார்பின் மதிப்புகள் எவ்வளவு நெருங்க வேண்டும்), டெல்டா (அதற்குப் புள்ளிகள் எவ்வளவு நெருங்க வேண்டும்) என்று ஆரம்பித்து இரண்டாவது வரியில் பேனா நின்றுவிடும். 1/n, 1/(n+1) என்ற இரண்டு புள்ளிகளை எடுத்தால், n பெரிதாகப் பெரிதாக அவற்றின் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், ஆனால் சார்பின் மதிப்புகள் n, n+1 என்பதால் வித்தியாசம் எப்போதும் 1தான், அப்புறம் எந்த டெல்டாவைக் கொடுத்தாலும் எப்சிலான் 1/2-க்கு உதவாது. அவ்வளவுதான் நிரூபணம். இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், தானாக எழுத ஒரு மாலை போகலாம். அந்த மாலைதான் படிப்பு.

தேற்றத்தை மட்டும் மனப்பாடம் செய்வது இன்னொன்று. முடிவுள்ள குலம் (group) ஒன்றில், உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை குலத்தின் எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும் என்கிற லாக்ராஞ்ச் தேற்றம் எல்லோருக்கும் தெரியும். மறுதலை உண்மையா, அதாவது மீதியின்றி வகுக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உட்குலம் இருக்குமா என்றால் விழிப்பார்கள். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் சேர்ந்த குலமான A4-இல் 12 உறுப்புகள், ஆனால் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் கிடையாது. ஒவ்வொரு தேற்றத்துக்கும் பக்கத்தில் இப்படி ஓர் எதிர் உதாரணத்தையும் எழுதிவையுங்கள்.

அசைன்மென்ட் விஷயத்துக்கு வருவோம். விடை எழுதிய பிடிஎஃப் காசுக்குக் கிடைக்கிறது, வாங்கிக் காப்பியடித்தால் மார்க்கும் வந்துவிடும். மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பெரும்பாலான பாடங்களில் அதற்கு 30 சதவீதம் என்பதால் ஆசை வருவது இயல்பே. ஆனால் வகுப்பறை இல்லாத படிப்பில் நீங்கள் எழுதிய நிரூபணத்தை இன்னொருவர் படிக்கிற இடம் அது ஒன்றுதான், அதையும் இழந்துவிட்டால் எங்கே ஓட்டை என்று யார் சொல்வார்கள்? முடிந்தால் அதே பாடம் படிக்கிற ஒருவரைப் பிடித்து, தாள்களை மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள்.

சேரும் முன் பார்க்க வேண்டியது: யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு அந்தப் படிப்பை அந்த ஆண்டுக்கு அங்கீகரித்திருக்கிறதா என்பது. ஊர்ப் பாசத்தில் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெங்களூர் சென்டர் வழியாகச் சேரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தொலைதூர முறையில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் மாநில எல்லைதான் வரம்பு. இக்னோவுக்கு நாடு முழுவதும் அனுமதி, ஆன்லைன் படிப்புகளுக்கும் அந்த வரம்பு இல்லை.

கடைசியாக, கை. நாள் முழுக்க கீபோர்டில் இருக்கிற கைக்கு, தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும்போது வலியெடுத்துவிடும். டிசம்பர் தேர்வு என்றால் நவம்பர் சனிக்கிழமைகளில் பழைய கேள்வித்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். லீவையும் முன்கூட்டியே மேனேஜரிடம் சொல்லிவையுங்கள், ரிலீஸ் எப்படியும் அந்த வாரம்தான் வரும்.