சூதாட்டப் புகார்: செட்டிநாட்டு ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்து ஊரொன்றின் கிராம சபையில், சீட்டாட்டத்துக்கு ஊராட்சி இனி உரிமம் தரக்கூடாது என்று ஒரு பெரியவர் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கை தூக்கினார்கள்; தீர்மானப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ சூதாட்ட உரிமம் வழங்கும் அதிகாரமே கிடையாது. இல்லாத உரிமத்தை மறுத்த அந்தத் தீர்மானத்தால், ஆட்டம் நடந்த வீட்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை.

அங்கே இருப்பதுபோலத்தான் இங்கேயும் என்று நினைத்துச் சொல்லும் லண்டன் பிள்ளைகளுக்கும் இந்தக் குழப்பத்தில் பங்குண்டு. இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி பந்தயக் கடை நடத்தும் இடத்துக்கு உரிமம் தருவது உள்ளூர் மன்றம்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது தன் கொள்கை அறிக்கையையும் வெளியிட வேண்டும். எனினும், விதிகளுக்கு உட்பட்ட விண்ணப்பத்தை அனுமதிக்கும் நோக்கில் அணுக வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நிலை. ஊரில் ஏற்கெனவே போதுமான கடைகள் இருக்கின்றன என்றோ, சூது பாவம் என்றோ சொல்லி மன்றம் மறுக்க முடியாது.

நம் பகுதியில் சூதாட்ட விடுதி நடத்துவதும் தெருவில் வைத்துச் சூதாடுவதும் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் காவல்துறை கவனிக்க வேண்டிய குற்றங்கள். புகார் அங்கேதான் போக வேண்டும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால், எந்த மாவட்டத்து எந்தக் காவல் நிலைய எல்லை என்று பார்த்துக்கொண்டு கிளம்புவது ஒரு வார அலைச்சலை மிச்சப்படுத்தும்.

புகாரின் வாசகத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "சீட்டாடுகிறார்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது எங்கும் நிற்காது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இலேயே சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, ஆட்டப் பணத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் எடுத்தால் கதை வேறு என்பதையும் சுட்டுகிறது. ஆகவே மனமகிழ் மன்றமானாலும், உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக் கிடக்கும், நடுமுற்றம் வைத்த வளவு வீடானாலும், கமிஷன் எடுப்பது யார், ஆடப்படுவது ரம்மியா, அதிர்ஷ்டத்தை நம்பி ஆடும் 'உள்ளே வெளியே' சீட்டாட்டமா, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். இரவு பதினொரு மணிக்கு முகப்பில் இருபது ஜோடிச் செருப்புக் கிடந்தது என்ற ஒரு வரி, "ஊரே கெட்டுப்போயிற்று" என்ற ஒரு பக்கத்தைவிடப் பயன்படும். (வீட்டுப் பட்டாலையில் ஆச்சிமார் காசு வைக்காமல் தாயம் உருட்டுவதையும் சேர்த்து ஒருவர் மனுவில் எழுதியிருந்தார், அந்த மனுவை யாரும் பொருட்படுத்தவில்லை.)

உள்ளாட்சியால் ஒன்றுமே ஆகாது என்று ஒதுங்கிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. பேருந்து நிலையக் கடைகளைக் குத்தகைக்கு விடுவதும், பொது இடத்தில் திருவிழாக் கடைகள் போட இடம் ஒதுக்குவதும் அதன் கையில் இருக்கின்றன. லங்கர் கட்டை என்னும் சூதாட்டக் கட்டையை உருட்டவோ லாட்டரி எண் எழுதவோ இடம் கொடுத்தால் குத்தகை ரத்தாகும் என்ற நிபந்தனையை ஏலத்துக்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும். கடை போட்டபின் கேட்பதில் பயனில்லை. அந்தப் பெரியவரின் தீர்மானம் இப்படி எழுதப்பட்டிருந்தால் வேலை செய்திருக்கும்.

லாட்டரியைச் சில்லறை விஷயமாகப் பார்ப்பதும் சரியல்ல. தமிழ்நாட்டில் அது 2003-இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் டீக்கடையில் துண்டுச் சீட்டில் எழுதும் மூன்று எண் லாட்டரி, தினக்கூலியை மாலைக்குள் தின்றுவிடுகிறது.

இணைய ஆட்டத்தில் தவறு செய்வது பெரும்பாலும் குடும்பம். 2022-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தில் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு என்று கேள்விப்பட்டதும், விஷயத்தை மூடி மறைத்து, நகையை அடகு வைத்துக் கடனை அடைத்துவிடுகிறார்கள். அடைந்த கடன் ஆடியவருக்கு அடுத்த ஆட்டத்துக்கான முதலாகிவிடுகிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்த 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் தண்டனை, நடத்துவோர், விளம்பரம் செய்வோர், பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோவோர் மீதுதான். ஆடியவர் மீது அல்ல. தடை வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்துவிடவும் கூடாது. வெளிநாட்டுச் செயலிகளின் இணைப்பு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கடன் செயலிக்காரர்கள் மிரட்டினாலோ பணம் மோசடியாகப் போனாலோ உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சட்டத்தின் ஆண்டும் சைபர் உதவி எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் மறக்காது. சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பதால், அதற்குரிய இடம் மருத்துவமனையே தவிர ஊர்ப் பஞ்சாயத்து அல்ல. மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்பவரை இழுத்துக்கொண்டு அலைவதற்கு முன், வீட்டார் மட்டும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசி, அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.