தாவோயிசத்தில் இடமும் சூழலும்: எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

நம்மில் பலருக்குச் சீனாவின் பழைய தத்துவமும் சமயமுமான தாவோயிசம், வீடும் இடமும் எப்படி அமைய வேண்டும் என்று பார்க்கும் ஃபெங் சுயி வழியாகத்தான் அறிமுகமாகிறது. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, வாசலில் எதைத் தொங்கவிடுவது என்பதோடு விஷயமும் முடிந்துவிடுகிறது. ஃபெங் சுயியின் முக்கியமான பழைய நூல் ஒன்று, குவோ பூ (276–324) எழுதியதாகச் சொல்லப்படுவது, இறந்தவர்களை எங்கே புதைப்பது என்பதைப் பற்றியது. காற்றில் சிதறி நீரின் ஓரத்தில் நின்றுவிடும் 'சி' என்ற உயிர்மூச்சைப் பற்றி அது பேசுகிறது. அந்தக் கருத்து சீனச் சிந்தனை முழுவதற்கும் பொதுச்சொத்து. கன்ஃபூசிய மரபில் வந்த குடும்பங்களும் ஃபெங் சுயி பார்த்தன. அதனால் ஃபெங் சுயியையும் தாவோயிசத்தையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். இடத்தைப் பற்றித் தாவோயிசம் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் மூலநூல்களுக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனதும் பலர் தடுமாறுவது 'வெற்றிடம்' என்ற கருத்தில். தாவோயிசத்தின் அடிப்படை நூலான தாவோ தே ஜிங்கின் 11ஆம் அதிகாரம் மூன்று பொருள்களைக் காட்டுகிறது. 30 ஆரக்கால்கள் சக்கரத்தின் குடத்தில் வந்து சேர்கின்றன. ஆனால் வண்டி ஓடுவது குடத்தின் நடுவில் உள்ள துளையால். களிமண்ணைப் பிசைந்து பானை செய்கிறோம். பயன்படுவது அதன் உள்ளே இருக்கும் காலி இடம். சுவரில் கதவும் ஜன்னலும் வெட்டினால்தான் அறை அறையாகிறது. இதைப் படித்துவிட்டு, 'சாமான்களைக் குறைத்து வீட்டைக் காலியாக வைத்துக்கொள்' என்ற அறிவுரையாகச் சுருக்கிவிடுகிறார்கள். அது இந்த அதிகாரத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. களிமண் இல்லாவிட்டால் பானைக்குள் காலி இடம் ஏது? இருப்பதும் இல்லாததும் சேர்ந்துதான் வேலை நடக்கிறது என்கிறது நூல். 5ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், வானத்துக்கும் பூமிக்கும் இடையே உள்ள வெளியைத் துருத்தியோடு ஒப்பிடுகிறது. உள்ளே காலி, ஆனாலும் வற்றுவதில்லை. அசைக்க அசைக்க வந்துகொண்டே இருக்கிறது. இந்த வெளி ஓயாமல் இயங்கும் வெளி. 'ஒன்றுமில்லை' என்று அதைப் படித்தால் தாவோயிசத்தையே சோர்வான தத்துவமாக்கிவிடுவோம்.

அதே 5ஆம் அதிகாரத்தின் தொடக்க வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வானமும் பூமியும் கருணை காட்டுவதில்லை, எல்லா உயிர்களையும் வைக்கோல் நாய்களாகவே நடத்துகின்றன என்கிறது அது. வைக்கோல் நாய் என்பது சடங்கில் மரியாதையோடு வைக்கப்பட்டு, சடங்கு முடிந்ததும் தூக்கியெறியப்படும் பொம்மை. எல்லாவற்றுக்கும் மூலமான வழி என்று நூல் சொல்லும் தாவோவைத் தாயாகச் சொல்லும் வரிகளும் நூலில் உண்டுதான். ஆனால் அந்தத் தாய்க்குச் செல்லப்பிள்ளை கிடையாது, மனிதனும் உட்பட. இயற்கை நம்மை அரவணைத்துக் காக்கும் என்ற இனிப்பான வாசிப்பை இந்த ஒரு வரி உடைத்துவிடுகிறது. சூழலைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு நூலில் இதைவிட முக்கியமான இடம் இல்லை என்பேன்.

அடுத்தது 'வூ வெய்', அதாவது இயல்பான போக்கை எதிர்த்து வலிந்து எதையும் செய்யாமை. இதைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மின் என்ற ஆற்றின் குறுக்கே அணை கட்டாமல், ஆற்றை இரண்டாகப் பிரித்து செங்டு சமவெளிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் துஜியாங்யான் பாசன அமைப்பைப் பாருங்கள். கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் தொடங்கிய வேலை, இன்றும் பாசனம் நடக்கிறது. வெள்ள நீரில் பெரும்பங்கு வெளிக் கால்வாயிலேயே போய்விடுகிறது. படுகையை ஆழமாகத் தூர்வாரு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு என்பது அதன் பராமரிப்பு விதி. ஆற்றின் போக்கை எதிர்க்காத வேலை, ஆனால் ஓயாத வேலை. சரி, அப்படியானால் லி பிங் தாவோயிசவாதியா? அப்படிச் சொல்வதும் ஒரு தவறுதான். அது சின் என்ற பழைய சீன அரசு தன் தேவைக்குக் கட்டியது. தாவோயிசத்தை ஒரு சமயமாக அமைத்த ஜாங் தாவோலிங் அந்தப் பகுதியில் இயங்கியது ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பிறகு. அவரோடு தொடர்புடைய சிங்செங் மலையையும் இந்தப் பாசன அமைப்பையும் சேர்த்து 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

சூழலை 'வெளியே இருக்கும் ஒன்று' என்று நினைத்துக்கொண்டு படித்தாலும் பல இடங்கள் புரியாது. பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் 1886ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டுப் படம் இருக்கிறது. மனித உடலின் உட்புறத்தை அது ஒரு நிலப்பரப்பாகவே காட்டுகிறது. தலையில் மலைகள், முதுகெலும்பின் வழியே ஏறும் பாதை, அடியில் நீர்ச்சக்கரத்தை மிதித்துத் தண்ணீரை மேலே அனுப்பும் இரண்டு குழந்தைகள், வயிற்றருகே ஏர் உழும் எருது.

இதெல்லாம் வெறும் தத்துவம், நடைமுறை விதி எதுவும் கிடையாது என்றும் சிலர் சொல்வார்கள். தொடக்ககாலத் தாவோயிச குருமார்களுக்கு 180 விதிகள் இருந்தன. காரணமின்றி மரம் வெட்டாதே, காட்டுக்குத் தீ வைக்காதே, நீர்நிலையில் விஷம் கலக்காதே, சதுப்பை வற்றவைக்காதே, கூடுகளைக் கலைக்காதே என்று அவற்றில் பல வருகின்றன.

அப்புறம் இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இப்படிப்பட்ட விதிகள் இருந்ததால் பழைய சீனா தன் காடுகளைக் காப்பாற்றியிருக்கும் என்று முடிவுகட்டுவது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரசு அதிகாரியும் அறிஞருமான ஷென் குவோ, ஷாண்டோங் பக்கம் பைன் காடுகள் தீர்ந்துவிட்டன, மற்ற இடங்களிலும் பைன் மலைகளில் பெரும்பாதி மொட்டையாகிவிட்டன என்று எழுதியிருக்கிறார். எழுதவும் மலைகளை ஓவியமாகத் தீட்டவும் பயன்பட்ட மைக்கு அந்த மரங்களின் புகைக்கரிதான் வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக, நிலத்தடியிலிருந்து ஊறிவரும் எண்ணெயை எரித்த கரியில் ஷென் குவோ மை செய்து பார்த்தார். பைன் மரத்தைப் போல இந்த எண்ணெய் தீர்ந்துபோகாது என்பது அவருடைய கணிப்பு.