வாசல் தளத்தில் விழுந்த குழியை அடைத்த விதம்

சேலம் அழகாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டு வாசலின் சிமெண்ட் தளத்தில், வண்டி ஏறி இறங்கும் இடத்தில் ஓரடி அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது. முதல் முறை சிமெண்ட் கலவையை மேலாகப் பூசி மூடினேன். இரண்டே மாதத்தில் அது அப்பளம் போல் பெயர்ந்தது.

பிறகு உளியால் கொத்திப் பார்த்தபோதுதான், மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயின் தண்ணீர் விரிசல் வழியே இறங்கி அடிமண்ணை அரித்திருப்பது தெரிந்தது. எனவே முதலில் குழாயின் வாயை வேறு பக்கம் திருப்பினேன். தட்டினால் வெற்றொலி எழும்பிய பகுதி முழுவதையும் உடைத்தெடுத்து, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி (ஓரம் மெலிந்திருந்தால் பெயர்ச்சி அங்கிருந்துதான் தொடங்கும்), கிராவல் மண்ணை இரண்டு அடுக்காகக் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினேன். பழைய விளிம்புகளில் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, அது உலருமுன், சிமெண்ட் 1 பங்கு, எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) 2 பங்கு, முக்கால் அங்குல ஜல்லி 4 பங்கு சேர்ந்த கலவையை 4 அங்குலத்துக்கு நிரப்பி, தெருப்பக்கம் வாட்டம் வைத்துத் தேய்த்தேன்.

சித்திரை வெயில் என்பதால் ஈரச்சாக்கைப் போர்த்தி 7 நாட்கள் காயவிடாமல் நனைத்தேன். 10 நாட்களுக்குப் பிறகே வண்டியை ஏற்றினேன். இரண்டு மழைக்காலம் கடந்தும் ஒட்டு அசையவில்லை. நிறம் மட்டும் பழைய தளத்தோடு இன்னும் ஒத்துப்போகவில்லை.