விடுமுறை வீட்டின் இரகசியத்தை நாவலாக எழுதுவது எப்படி?

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் செல்வக் குடும்பமொன்று ஒவ்வோர் ஓகஸ்ட் விடுமுறைக்கும் நடுவில் முற்றம் வைத்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்கு வந்து போவதையும், அந்த வீடு ஒளித்து வைத்திருப்பதையும் நாவலாக்க விரும்புவோர், முதல் அத்தியாயத்தைத் தொடங்குமுன் அந்தக் குடும்பத்தின் காணி உறுதியொன்றை எழுதிப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் குடும்ப இரகசியங்கள் பெரும்பாலும் நொத்தாரிசின் கையொப்பத்தோடு றங்குப்பெட்டிக்குள் கிடப்பவை.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் வடிக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம், வழிவழி வரும் முதுசத்தையும் பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனத்தையும் தம்பதியர் ஈட்டும் தேடியதேட்டத்தையும் வேறுவேறாக வைக்கிறது. பெற்ற மகனுக்கு முதுசம் எழுதாமலே சேரும். அப்படியிருக்க, மூத்த மகனுக்கு எதுவும் எழுதாத அப்பப்பா, சித்தப்பாவுக்கு மட்டும் பளைத் தென்னந்தோட்டத்தை நன்கொடை உறுதியாக எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள், சாட்சிகள், நான்கெல்லைகள் எல்லாவற்றோடும் அந்த உறுதியை எழுதி முடியுங்கள். நாவலில் அதன் ஒரு வரிகூட வராவிட்டாலும், அந்த வீட்டில் யார் யாருடைய முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, அந்த இரகசியத்தைக் கண்ணால் காணும் காட்சியொன்று வேண்டும். ஆடி அமாவாசை தந்தையை இழந்தோருக்குரிய விரதம். தந்தை உயிரோடிருப்பவர் அதைப் பிடிப்பதில்லை. அப்பப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கும்போதே, சித்தப்பா கீரிமலைக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார். எட்டு வயதுப் பேரனுக்கு அவருடைய ஈர வேட்டி மட்டும் தெரியட்டும். இந்த இடத்தில் நீங்கள் விளக்கம் சொன்னால் நாவல் அங்கேயே முடிந்துவிடும். அப்பா போகாத கீரிமலைக்குச் சித்தப்பா மட்டும் விடியமுன் ஏன் போகிறார் என்று அவன் பதினாறு வயதில் தானாகவே கேட்க வேண்டும். கேட்டதும் குசினியில் அகப்பைச் சத்தம் நிற்க வேண்டும்.

எல்லா விடுமுறைகளையும் எழுதாதீர்கள்; மூன்று போதும். கொழும்பு – யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956, பின்னர் 1964, இறுதியாகக் கொழும்புத் தமிழர் சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அகதிகளாக வந்திறங்கிய 1983 என்று நான் தேர்வேன். ஆடி அமாவாசை ஜூலையிலேயே வந்துவிடும் ஆண்டுகளும் உண்டாதலால், பழைய பஞ்சாங்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிக்கூழ் ஆடிப்பிறப்புக்குரியது, ஓகஸ்ட்டில் வந்திறங்கும் பிள்ளைகளுக்கு அதை ஊற்றிக் கொடுக்காதீர்கள். பனம்பழம் விழும், சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும், நல்லூரில் கொடியேறும். பருவத்தைக் காட்ட அவை போதும்.

1983இல் அந்தக் குடும்பம் பெட்டி படுக்கையின்றி வருகிறது. பிள்ளையில்லாத சித்தப்பா அதற்குள் இறந்திருக்கட்டும். றங்குப்பெட்டியைத் திறப்பது யார், அமாவாசையன்று அவருக்காகக் கீரிமலையில் தண்ணீரில் இறங்குவது யார் என்ற இரண்டையும் கடைசி அத்தியாயத்துக்கு வையுங்கள்.