மணற்காட்டுக் குன்றில் அமெச்சூர் வானொலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெச்சூர் வானொலி என்பது அனுமதிப்பத்திரம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தமக்குள் பேசிக்கொள்ளும் வானொலி. அந்தப் பெட்டியைச் சுமந்து மலையேறி, உச்சியிலிருந்து மற்ற நிலையங்களுடன் தொடர்பெடுத்துவிட்டு மாலையில் இறங்கும் பழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. 2002 இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘சம்மிட்ஸ் ஒன் த எயார்’ திட்டத்தில் ஒரு சிகரம் இடம்பெற, அது சுற்றுப்புற நிலத்திலிருந்து பொதுவாக 150 மீற்றராவது எழுந்து நிற்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படியொரு மேடும் இல்லை. நமக்கு ஏறக் கிடைப்பவை வடமராட்சி கிழக்கின் மணற்காட்டு மணற்குன்றுகள்தான். மலைநாட்டு அனுபவத்தில் எழுதப்பட்ட அறிவுரைகளை அந்த மணலில் அப்படியே பின்பற்றுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலாவது, எந்த அலைவரிசையானாலும் குன்றின் உச்சிக்கே போவது. 2 மீற்றர் அலைநீளமுள்ள அலைவரிசையில் கையடக்கக் கருவியால் பேசுபவருக்கு உயரம் உதவும்: அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், வானொலித் தொடுவானம், அதாவது அலை நேராக எட்டக்கூடிய எல்லை, எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறது என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். அன்ரனா 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் அது 6 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு; 16 மீற்றரில் 16 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆனால் 14 மெகாஹேர்ட்ஸில் நிலைக்குத்து அன்ரனாவை நட்டுத் தூரதேசங்களைத் தேடுபவருக்குக் காய்ந்த மணற்குன்று மிக மோசமான இடம். உலர்மணல் மின்னைச் சரிவரக் கடத்தாது. கடல்நீரோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாகக் கடத்தும். அன்ரனா நீர் விளிம்பிலேயே நிற்கும்போது, தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகச் செல்லும் அலைகள் மண்ணில் வீணாகாமல் வெளியேறுகின்றன. ஆகவே குன்றைக் கடந்து, அலை நனைக்கும் மணல்வரை இறங்கிவிடுவதே நல்லது.

இங்கே திசையையும் பார்க்கவேண்டும். மணற்காட்டுக் கரை வடகிழக்கு நோக்கியது. யப்பானுக்கான பாதை வங்காள விரிகுடாவின் மேலாகவே புறப்படுகிறது. ஐரோப்பாவைத் தேடுபவர், வடக்கும் வடமேற்கும் கடலாகத் திறந்திருக்கும் கீரிமலை அல்லது காரைநகர்க் கசூரினாக் கடற்கரைப் பக்கம் போனால் அதிகம் பயன்பெறுவார்.

14 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளக் கம்பி சுமார் 5 மீற்றர். அதைத் தாங்கத் தூண்டில் தடி போதும் என்று வாங்குபவர்கள் அது கண்ணாடியிழையா, காபனிழையா என்று பார்ப்பதில்லை. காபன் மின்னைக் கடத்துமாதலால் அன்ரனாவின் இசைவைக் கெடுத்துவிடும். அன்ரனாவின் அடியிலிருந்து பக்கவாட்டில் விரிக்கவேண்டிய ரேடியல் கம்பிகளைச் சுமைக்குப் பயந்து வீட்டில் விட்டுவருவதும் வழக்கமாகக் காணப்படும் தவறு. தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய, தலா 5 மீற்றர் நீளமான இரண்டு கம்பிகளாவது வேண்டும்.

நண்பகலில் 7 மெகாஹேர்ட்ஸில் ஐரோப்பாவை அழைத்துக்கொண்டிருப்பது வீண்முயற்சி. பகலில் அயனமண்டலத்தின் (வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் மேல்வளிமண்டலப் பகுதி) கீழ்ப்படையான D படை, நெடுந்தூரத்துக்குச் சாய்வாகச் செல்லும் அந்த அலைகளை உறிஞ்சிவிடும். ஆனால் அதே நேரத்தில், தாழ்வாகக் கட்டிய டைப்போல் அன்ரனா (நடுவில் இணைப்புள்ள கிடைக்கம்பி) அலைகளைச் செங்குத்தாக மேலே அனுப்பி, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புடன் தெளிவாகப் பேசவைக்கும். சவுக்கு மரங்களுக்கிடையே 20 மீற்றர் கம்பியைக் கட்டிவிட்டு வெளிநாட்டுக்காகக் காத்திருப்பதைவிட இது பயனுள்ள வேலை.

மின்கலம் பற்றி இந்த ஊர்க்காரருக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். ஆயினும் 100 வாற்றுக் கருவி பேசும்போது 20 அம்பியரளவு இழுக்கும் என்பதை மறந்து, மெல்லிய கம்பியில் சிறிய ஈய அமிலப் பற்றரியை இணைப்பவர்கள் உண்டு. அந்தக் கம்பியின் தடை 0.05 ஓம் என்றாலே 1 வோல்ற்று அங்கேயே போய்விடும். மின்னழுத்தம் விழுந்து குரல் சிதையும். 10 வாற்றுடன் பேசினால் மறுமுனையில் குறைவது 10 டெசிபெல் (சமிக்ஞை வலிமையின் அளவு) மட்டுமே. சுமை எவ்வளவோ குறைகிறது.

தொடர்புகளைப் பதியும் குறிப்பேட்டில், இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னாலிருக்கும் உலகப் பொது நேரமே (UTC) எழுதப்படவேண்டும். 15ஆம் திகதி அதிகாலை 5 மணிக்கு எடுத்த தொடர்பு, 14ஆம் திகதி 23.30 என்றுதான் பதியப்படும். நேரத்தைச் சரியாக மாற்றித் திகதியை மாற்றாமல் விடுவதால் மறுமுனையின் பதிவுடன் பொருந்தாமல் போன தொடர்புகள் ஏராளம்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருக்காமல் வடபகுதிக் கரையில் நீண்ட தடியும் கம்பியுமாக நிற்பது புத்திசாலித்தனமல்ல. புறப்படுமுன் ஊராருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பாதிநாள் விளக்கம் சொல்வதில் கழியாது.

சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடிமுழக்கம் காதில் விழுந்தவுடன் அன்ரனாவை இறக்கிவிட்டு, திறந்த மணலையும் தனித்து நிற்கும் பனையையும் விட்டு உடனே விலகவேண்டும். இன்னும் ஒரு தொடர்பு எடுத்துவிடலாம் என்று காத்திருக்கக்கூடாது.

வீடு திரும்பியதும் கருவியைப் பையோடு மூலையில் வைத்துவிடுவது கடைசித் தவறு. கேபிள்களையும் தடியின் மடிப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவி, கனெக்டர்களை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தாவிட்டால், உப்பு சில நாட்களிலேயே அவற்றைப் பச்சைபிடிக்க வைத்துவிடும்.