பென் டிஸ்ப்ளேயில் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையின் மீதே பேனாவால் வரைய உதவும் பென் டிஸ்ப்ளேயை வாங்கிய முதல் வாரத்தில் பலரும் சந்தேகிப்பது தம் கையைத்தான். காகிதத்தில் தயக்கமின்றி ஓடிய கோடு திரையில் நெளிகிறது. மெல்லிய நிழலிட நினைத்தால் தடித்த கறை விழுகிறது. இமையின் ஓரத்தில் முடிய வேண்டிய கோடு சற்றுத் தள்ளி முடிகிறது. இவற்றுள் பெரும்பாலானவை கையின் குறைகள் அல்ல, கருவியைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளாமல் வரையத் தொடங்குவதால் வருபவை. நன்றாக வரையக்கூடியவர்கள் இதை உணராமலேயே கருவியை மூடி வைத்துவிடுவதைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறு இணைப்பிலேயே நேர்கிறது. கணினியில் உள்ள எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் படத்தைக் கடத்துவதில்லை. சில துளைகள் தரவையும் மின்சாரத்தையும் மட்டுமே தருகின்றன. ஒரே கேபிளில் இணைத்தும் திரை கருப்பாகவே இருந்தால், கருவி பழுது என்று முடிவு செய்வதற்கு முன் அந்தத் துளையின் திறனைக் கணினியின் கையேட்டில் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு திரைகள் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும்: பேனாவை இங்கே வைத்தால் கர்சர் அங்கே நகரும். பேனா எந்தத் திரைக்கு உரியது என்பதை டிரைவரின் (கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளின்) அமைப்புகளில் குறிப்பிட்டுவிட்டால் இது தீர்ந்துவிடும்.

டிரைவர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. முன்பு பயன்படுத்திய வரைபலகை டேப்லெட்டின் டிரைவரை நீக்காமல் புதியதை நிறுவினால், இரண்டும் மோதிக்கொண்டு, அழுத்தத்துக்கேற்பக் கோட்டின் தடிமனை மாற்றும் அழுத்த உணர்வு அறவே இல்லாமல் போகக்கூடும். விண்டோஸில் பேனாவின் தகவலைச் செயலிக்குக் கொண்டு செல்ல விண்டோஸ் இங்க், வின்டேப் என இரு வழிகள் உள்ளன. டிரைவரில் ஒன்றும் வரையும் செயலியில் மற்றொன்றும் தேர்வாகியிருந்தால் கோடு ஒரே தடிமனாகத்தான் வரும். பேனாவை ஊன்றியதும் சிறு வளையம் ஒன்று தோன்றி, கோடு தாமதமாகத் தொடங்குகிறதென்றால், அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்ற விண்டோஸ் வசதியே அதற்குக் காரணமாக இருக்கும், அதை அணைத்துவிடலாம்.

பேனா முனைக்கும் கர்சருக்கும் இடையே தெரியும் இடைவெளியைப் பலர் பிறவிக் குறை என்று சகித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பென் டிஸ்ப்ளேக்களில் மின்காந்த ஒத்ததிர்வு முறை பயன்படுகிறது: திரைக்கு அடியிலுள்ள உணர்வுப் பலகை காந்தப்புலத்தை உண்டாக்க, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைத் திருப்பி அறிவிக்கிறது. அதனால்தான் அந்தப் பேனாவுக்கு பேட்டரி வேண்டியதில்லை. ஆனால் நம் முனை தொடுவது மேலே உள்ள கண்ணாடியை. படம் தோன்றுவதோ அதற்குக் கீழே. சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு இவ்விரண்டும் விலகித் தெரிவதையே பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோம். கண்ணாடியையும் திரையையும் ஒட்டித் தயாரித்த கருவிகளில் இது மிகக் குறைவு. மற்றவற்றில் கேலிபரேஷன், அதாவது திரையில் தோன்றும் புள்ளிகளைப் பேனாவால் தொட்டு முனையையும் கர்சரையும் பொருத்தும் வேலை, செய்துதான் சரிக்கட்ட வேண்டும். அதைச் செய்கையில் நின்றுகொண்டு மேலிருந்து குனிந்து புள்ளிகளைத் தொடுபவர்கள் உண்டு. அது வீண். வழக்கமாக அமரும் இருக்கையில் அமர்ந்து, வழக்கமான சாய்வில் திரையை நிறுத்தி, வரையும்போது பிடிப்பதுபோலவே பேனாவைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். ஸ்டாண்டின் கோணத்தை வெகுவாக மாற்றினால் மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும்.

அடுத்தது அழுத்தம். பேனா பிரித்தறியும் அழுத்த அளவுகள் 8192 படிகளா, 16384 படிகளா என்ற எண்ணை வைத்தே கருவியைத் தேர்வு செய்வது, என் பார்வையில், பரவலான தவறு. 50 பிக்சல் தடிமனுள்ள பிரஷில் அத்தனை படிகளும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிய வழியில்லை. எவ்வளவு மென்மையாகத் தொட்டாலே கோடு தொடங்குகிறது என்பதுதான் கையில் உடனே உணரப்படும் வேறுபாடு. அதற்கடுத்து முக்கியமானது அழுத்த வளைவு, அதாவது எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதை வகுக்கும் அமைப்பு. ஒவ்வொருவர் கையின் எடையும் வேறு. பொதுவான வளைவோடு மல்லுக்கட்டுபவர்கள் தடித்த கோட்டுக்காகத் திரையை அழுத்தி அழுத்தி, விரல் மூட்டு வலியோடுதான் எழுவார்கள். மென்மையிலிருந்து அழுத்தம் வரை சீராகக் கூடும் பத்துக் கோடுகளை வரைந்து பார்த்து, கடைசிப் பகுதியில் கை இறுகினால் வளைவை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். டிரைவரிலும் செயலியிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். எந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

கோடு நெளிகிறது என்பதற்காக, கோட்டின் நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசர் வசதியை உச்சத்தில் வைப்பதும் சரியல்ல. கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால் கையின் வேகம் குறைகிறது, வேகம் குறையக் குறைய நடுக்கம் கூடுகிறது. மிக மெதுவாக இழுக்கும் சாய்கோடுகளில் உணர்வுப் பலகையே சிறு அலைவைக் காட்டக்கூடும் என்பதால், அவற்றை வைத்துக் கையை மதிப்பிடக் கூடாது. நீண்ட கோடுகளைத் தோளிலிருந்து ஒரே வீச்சில் இழுத்துப் பழகுவதே பலன் தரும்.

திரையை மேசையில் படுக்க வைத்து, மணிக்கணக்கில் கழுத்தைக் கவிழ்த்து வரைவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கோடு கெட்டால் அழித்துவிடலாம், கழுத்தை அப்படிச் செய்ய முடியாது. திரையைச் சாய்த்து நிறுத்தி, முழங்கைக்குத் தாங்கல் கொடுத்து, ஷார்ட்கட் விசைகளை மற்றொரு கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் உடலைத் திருப்புவது தோளை வருத்தும்.

நிறத்தில் ஏமாறுவதும் எளிது. இரவு நேரத்துக்கான நீல ஒளிக் குறைப்பு இயங்கிக்கொண்டிருப்பதை மறந்து தோலின் நிறத்தைத் தீட்டிவிட்டு, மறுநாள் படம் வெளிறிய நீலமாகத் தெரிவதைக் கண்டு திகைப்பவர்கள் பலர். அதை அணைத்து, ஒளிர்வை அறையின் வெளிச்சத்துக்கேற்பக் குறைத்து, முடித்த படத்தை வேறொரு திரையிலும் பார்த்துவிடுங்கள்.

பேனாவின் மாற்றக்கூடிய முனையான நிப் தேய்வது இயல்பு. சொரசொரப்பான மேற்பரப்பில் இன்னும் விரைவாகத் தேயும். ஒருபக்கம் சரிந்து கூரிய விளிம்பு உண்டான நிப், திரையில் நிரந்தரக் கீறலை இட்டுவிடலாம். விரலால் தடவும்போது விளிம்பு தட்டுப்பட்டாலே மாற்றிவிட வேண்டும். பேனாவை முனை கீழே இருக்கும்படி குவளையில் போட்டு வைத்தால் அழுத்த உணரி எப்போதும் அழுந்தியே இருக்கும், ஆகவே படுக்க வையுங்கள். வரையத் தொடங்குமுன் திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பது போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான்கள் மேற்பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றை அருகில் கொண்டுவர வேண்டாம்.